டைமரை வைத்து நேரத்தை எண்ணாதீர்கள்

ஜாவாஸ்கிரிப்ட் படிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும் கருவி செட்இன்டர்வல். ஒரு ஃபங்ஷனையும் ஓர் எண்ணையும் கொடுத்தால் போதும், அந்த இடைவெளியில் ஃபங்ஷன் திரும்பத் திரும்ப ஓடும். பக்கத்தின் மூலையில் கடிகாரம் ஓடும், படங்கள் தானாக மாறும், ஸ்கோர் புதுசாகிக்கொண்டே இருக்கும். அதுவரை அசையாமல் கிடந்த பக்கம் ஒரே வரியில் உயிர் பெற்று எழுவதைப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதைப் பல பாடங்கள் சொல்லாமலே தாண்டிப் போய்விடுகின்றன. 1000 என்று எழுதிவிட்டு, 'செகண்டுக்கு ஒரு முறை' என்று நாம் படித்துக்கொள்கிறோம். ப்ரவுசர் அப்படிப் படிப்பதில்லை. '1000 மில்லிசெகண்ட் ஆவதற்கு முன்னால் கூப்பிடக் கூடாது. ஆன பிறகு எப்போது கை ஒழிகிறதோ அப்போது கூப்பிடலாம்' என்றுதான் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான்.

எழுதத் தூண்டியது ஒரு மாதிரித் தேர்வுப் பக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தெரிந்த தம்பி ஒருவன் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தது. 200 கேள்விகள், 3 மணி நேரம், மேலே மீதி நேரம் குறைந்துகொண்டே வரும். காசு எதுவும் வாங்குவதில்லை. "அண்ணா, நான் உட்கார்ந்து பார்க்குறப்போ கரெக்டா இருக்கு. ஆனா பசங்க எழுதுறப்போ சில பேருக்கு நேரம் முடியவே மாட்டேங்குது" என்றான். கோடைத் திறந்து பார்த்தேன். உலகத்தில் பாதி கவுன்ட்டவுன்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றனவோ அப்படியேதான் இருந்தது: மீதி 10800 என்று தொடங்கி, ஒவ்வொரு முறை ஃபங்ஷன் ஓடும்போதும் ஒன்றைக் கழி.

அந்த 'ஒன்றைக் கழி'யில்தான் கோளாறு. அதற்கு முன்னால் அடிப்படையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

செட்டைம்அவுட் ஒரு முறை மட்டும் கூப்பிடும். செட்இன்டர்வல் நிறுத்தும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ப்ரவுசரில் இரண்டுமே ஓர் அடையாள எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண்ணைப் பத்திரமாக ஒரு மாறியில் வைத்துக்கொண்டால்தான் பிறகு கிளியர்இன்டர்வலிடம் கொடுத்து நிறுத்த முடியும். 1995-ல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப்பில் பத்து நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். ஆரம்பத்தில் செட்டைம்அவுட் மட்டும்தான் இருந்தது, செட்இன்டர்வல் 1997-ல் நெட்ஸ்கேப் 4-உடன் சேர்ந்து வந்தது. இந்த இரண்டும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பாகம் அல்ல. மொழியின் தர ஆவணத்தில் தேடினால் கிடைக்காது, ப்ரவுசர் நமக்குக் கொடுக்கும் வசதிகள் அவை. நோட்.ஜேஎஸ் தனக்கென்று தனியாக எழுதிவைத்திருக்கிறது. அங்கே திரும்பி வருவது எண் அல்ல, ஓர் ஆப்ஜெக்ட்.

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் அடைப்புக்குறி. செட்இன்டர்வல்(மீதிகாட்டு, 1000) என்று எழுதினால் ஃபங்ஷனையே கொடுக்கிறோம். செட்இன்டர்வல்(மீதிகாட்டு(), 1000) என்று எழுதினால் ஃபங்ஷன் அந்த இடத்திலேயே ஒரு முறை ஓடி முடிந்துவிடும், டைமர் கையில் போய்ச் சேர்வது அதன் விடை மட்டும்தான். திரையில் ஒரு எண் வந்து அப்படியே நின்றுபோனால் முதலில் இங்கே பாருங்கள். (ஃபங்ஷன் பெயரை இப்படித் தமிழிலேயே வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் தாராளமாக ஏற்றுக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் அப்படித்தான் செய்கிறேன், பயம் பாதி குறைந்துவிடுகிறது.)

இன்னொன்று, முதல் கூப்பிடல் உடனே நடக்காது. இடைவெளி ஒன்று கழிந்த பிறகுதான் நடக்கும். ஐந்து நிமிட இடைவெளி கொடுத்திருந்தால் முதல் ஐந்து நிமிடம் பக்கம் காலியாகத்தான் இருக்கும். அதனால் நாமே ஒரு முறை ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு, அதன் பிறகு டைமரைப் போட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு பக்கத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். ஒரே ஆள் நிற்கும் ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். டைமர் செய்வதெல்லாம் நேரம் வந்ததும் ஒரு கார்டைக் கொண்டுவந்து வரிசையில் வைப்பதுதான். உள்ளே இருப்பவர் முன்னால் நிற்பவருக்கு அரிசி அளந்துகொண்டிருந்தால் நம் கார்டு காத்திருக்க வேண்டியதுதான். பயனர் பட்டனை அழுத்தியது, சர்வரிலிருந்து பதில் வந்தது, பெரிய பட்டியலைத் திரையில் வரைவது எல்லாமே அதே வரிசையில்தான் நிற்கின்றன. ஏதாவது ஒரு வேலை மூன்று செகண்ட் இழுத்தால் நடுவில் வந்திருக்க வேண்டிய கூப்பிடல்களைச் சேர்த்துவைத்துக் கடைசியில் மொத்தமாக யாரும் தருவதில்லை. போனது போனதுதான். ஒன்றைக் கழிக்கும் கவுன்ட்டவுனில் அந்தச் செகண்டுகள் கணக்கிலேயே வராது.

தம்பியின் பக்கத்தில் இதற்கு அருமையான உதாரணம் ஒன்று இருந்தது. கடைசி 15 நிமிடம் வந்ததும் 'இன்னும் 15 நிமிடம்தான் உள்ளது' என்று ஓர் அலர்ட் பெட்டி வரும். பிள்ளைகளின் நன்மைக்காக வைத்தது. ஆனால் அலர்ட் பெட்டி திறந்திருக்கும்வரை பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க நின்றுவிடும், டைமரும் சேர்த்துத்தான். ஓகே அழுத்தாமல் ஒரு கேள்வியை நிதானமாக யோசித்து முடித்துவிட்டு அழுத்தினால், யோசித்த நேரம் கணக்கில் இல்லை. நேரம் குறைகிறது என்று எச்சரிக்க வந்த பெட்டியே நேரத்தைப் பிடித்து நிறுத்திவைக்கிறது. அலர்ட்டை எடுத்துவிட்டு, பக்கத்துக்குள்ளேயே மஞ்சள் பட்டையாக அந்தச் செய்தியைக் காட்டச் சொன்னேன்.

ஆனால் 'முடியவே மாட்டேங்குது' என்பதற்குப் பெரிய காரணம் வேறு. டேப் மாற்றம்.

பிள்ளைகள் தேர்வை ஒரு டேபில் திறந்துவைத்துவிட்டு இன்னொரு டேபுக்குப் போகிறார்கள். விடை தேடவே போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நடுவில் அம்மா கூப்பிட்டிருப்பார், வேறு ஏதாவது வேலை வந்திருக்கும். பார்வையில் இல்லாத டேபின் டைமர்களை ப்ரவுசர்கள் வேண்டுமென்றே மெதுவாக்குகின்றன. 2011 வாக்கில் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் மறைந்த டேபுகளில் டைமரை செகண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஓடவிடுவதில்லை என்று வைத்தன. அது 1000 கொடுத்தவர்களைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 இன்னும் ஒரு படி போனது. பக்கம் ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்து, ஒலி எதுவும் வராமல், வீடியோ அழைப்பு மாதிரி நேரடித் தொடர்பு எதுவும் இல்லாமல் இருந்தால், திரும்பத் திரும்ப ஓடும் டைமர்கள் நிமிடத்துக்கு ஒரு முறைதான் ஓடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் தேர்வுப் பக்கத்தை மறைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்புகிறார். முதல் ஐந்து நிமிடத்தில் 300 முறை கழிந்திருக்கும். மீதி 55 நிமிடத்தில் 55 முறை. மொத்தம் 355. ஆக ஒரு மணி நேரம் போயிருக்க, பக்கம் ஆறு நிமிடம்கூட ஆகவில்லை என்கிறது. கைபேசியில் இன்னும் மோசம். திரை அணைந்தால் பக்கம் மொத்தமாக உறைந்துபோகலாம், லேப்டாப்பை மூடினாலும் அப்படித்தான்.

இதற்காக ப்ரவுசரைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாரும் பார்க்காத இருபது டேபுகள் பின்னால் செகண்டுக்குச் செகண்டு விழித்துக்கொண்டிருந்தால் தின்னப்படுவது நம் பேட்டரிதான். ப்ரவுசர் செய்தது சரி. அது என்றைக்கும் தராத வாக்கை நாமாக நம்பிக்கொண்டு கவுன்ட்டவுன் கட்டியதில்தான் தவறு.

திருத்தம் மிக எளிது, நான்கைந்து வரிதான். தேர்வு தொடங்கும்போதே முடிய வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். டைமர் ஓடும் ஒவ்வொரு முறையும் 'முடியும் நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்தால் என்ன மீதி' என்று புதிதாகக் கேளுங்கள். டைமரின் வேலை திரையில் எழுதுவது மட்டும், நேரத்தை அறிவது கடிகாரத்தின் வேலை. இப்படி எழுதிவிட்டால் நடுவில் நூறு கூப்பிடல் தவறினாலும் கவலை இல்லை, அடுத்த கூப்பிடலில் சரியான மீதி வந்து நிற்கும். டேப் மீண்டும் பார்வைக்கு வரும்போது விசிபிலிட்டிசேஞ்ச் என்ற ஈவென்ட் வரும். அதிலும் ஒரு முறை மீதியைக் காட்டிவிட்டால் திரும்பி வருகிறவர் பழைய எண்ணை ஒரு கணம்கூடப் பார்க்க மாட்டார்.

இப்படி மாற்றிய பிறகு தம்பிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சில நேரம் 42-க்கு அப்புறம் நேரா 40 வருதே அண்ணா?" நல்ல கேள்வி. ஒவ்வொரு கூப்பிடலும் சில மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது. ஒன்று 42 முடியப்போகும் தருவாயில் வந்து, அடுத்தது 41-ஐத் தாண்டித் தாமதமாக வந்துவிட்டால் நடுவில் உள்ள எண் கண்ணில் படாமலே போகும். நேரம் தவறவில்லை, காட்டியதில் ஒன்று விட்டுப்போனது, அவ்வளவுதான். ஆனால் பரீட்சை எழுதுகிறவர் கண்ணுக்கு அது பதற்றம் தரும். இரண்டு வழி உண்டு. செட்டைம்அவுட்டைப் பயன்படுத்தி, மீதியை 1000-ஆல் வகுத்துக் கிடைக்கும் மிச்சம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் காத்திருந்து, செகண்ட் மாறும் இடத்தில் விழிப்பது ஒன்று. இடைவெளியை 250 ஆக்கிவிட்டு, செகண்ட் மாறியிருந்தால் மட்டும் திரையில் எழுதுவது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் ஒரே பார்வையில் புரியும்.

'இப்போதைய நேரம்' என்று எதைக் கேட்பது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். டேட்.நவ் கணினியின் கடிகாரத்தைப் படிக்கிறது. அந்தக் கடிகாரத்தைப் பயனர் பத்து நிமிடம் பின்னால் தள்ளினால் தேர்வும் பத்து நிமிடம் நீளும். பெர்ஃபார்மன்ஸ்.நவ் அப்படி ஏமாறாது, முன்னோக்கி மட்டும்தான் போகும். ஆனால் அது பக்கம் திறந்ததிலிருந்து எண்ணுவதால் ரீஃப்ரெஷ் செய்தால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும், கணினி தூங்கும் நேரத்தைச் சில இயங்குதளங்களில் எண்ணாமலும் விட்டுவிடும். வீட்டுக் கடிகாரத்துக்கும் சமையல் டைமருக்கும் டேட்.நவ் போதும். தேர்வு, ஏலம், டிக்கெட் பதிவு மாதிரி நேரத்தில் நியாயம் வேண்டிய இடங்களில் தொடக்க நேரம் சர்வரில் பதிவாக வேண்டும், விடைத்தாள் வந்த நேரத்தையும் சர்வர்தான் சரிபார்க்க வேண்டும். ப்ரவுசரில் ஓடுவது பார்ப்பவருக்கான காட்சி மட்டுமே.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். 3 மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை, 54 செகண்ட்தான். வேகம் பிடிக்கத்தான் அந்தப் பிள்ளைகள் மாதிரித் தேர்வு எழுதுகிறார்கள். பக்கம் பொய்யாக இருபது நிமிடம் கூடக் கொடுத்தால், தங்களுக்கு வேகம் வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு உண்மைத் தேர்வு அறைக்குள் போய் உட்காருவார்கள். அந்த ஏமாற்றத்துக்கு நம் கோட் காரணமாகக் கூடாது.

சரி, அடுத்து வேறு வகைச் சிக்கல். தம்பியின் பக்கம் இதுவரை குறித்த விடைகளை ஐந்து செகண்டுக்கு ஒரு முறை சர்வருக்கு அனுப்பிச் சேமிக்கிறது. கரன்ட் போனாலும் விடை போகக் கூடாது என்ற நல்ல எண்ணம். செட்இன்டர்வலில் போட்டிருந்தான். நெட் நன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. சிக்னல் மோசமான ஊரில் ஒரு சேமிப்பு முடியவே எட்டு செகண்ட் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்இன்டர்வல் அதற்காகக் காத்திருக்காது. கோரிக்கையை அனுப்பியதோடு ஃபங்ஷன் முடிந்தது என்றுதான் அதற்குத் தெரியும். முதல் கோரிக்கை போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும், அடுத்து மூன்றாவது. மெதுவான நெட் இன்னும் மெதுவாகும். அதைவிட ஆபத்து, பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேரலாம். அப்போது பழைய விடை புதிய விடையின் மேல் எழுதப்பட்டுவிடும்.

காத்திருக்க வேண்டிய வேலை எதுவானாலும் செட்இன்டர்வல் வேண்டாம். வேலை முடிந்த பிறகு, அதே ஃபங்ஷனின் கடைசியில், அடுத்த முறைக்கான செட்டைம்அவுட்டைப் போடுங்கள். அப்போது ஐந்து செகண்ட் என்பது ஒரு சேமிப்பு முடிந்ததற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் நடுவில் உள்ள ஓய்வு ஆகிவிடும், ஒன்றின் மேல் ஒன்று ஏற வழியே இல்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ப்ரவுசரில் செட்இன்டர்வலுக்குள் ஒரு முறை பிழை வந்தாலும் அடுத்த முறை அது பாட்டுக்கு ஓடும். ஒன்று முடிந்து அடுத்ததைப் போடும் இந்தச் சங்கிலி முறையில், அடுத்ததைப் போடும் வரிக்கு முன்பே பிழை வந்தால் சங்கிலி அறுந்துவிடும். யாருக்கும் தெரியாமல் சேமிப்பு நின்றுபோகும். அதனால் அந்த வரியை ஃபைனலி பகுதிக்குள் வையுங்கள்.

சர்வரின் கஷ்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் பேர் ஐந்து செகண்டுக்கு ஒரு முறை அனுப்பினால் செகண்டுக்கு 200 கோரிக்கை. எல்லோரும் காலை 10 மணிக்கு ஒன்றாகத் தொடங்கினால் அந்த ஆயிரமும் ஐந்து செகண்டுக்கு ஒரு முறை ஒரே அலையாக வந்து மோதும். இடைவெளியோடு ஒரு செகண்டுக்குள் ஏதாவது ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டிவிட்டால் கொஞ்ச நேரத்தில் அலை கலைந்து சீராகிவிடும். ஒரே வரி, சர்வர் பிழைத்துக்கொள்ளும்.

ரியாக்டில் எழுதுகிறவர்கள் வேறு ஒரு வலியைச் சொல்வார்கள்: ஏறிக்கொண்டே போக வேண்டிய எண் 1-க்கு வந்ததும் அப்படியே நிற்கிறது, அல்லது செகண்டுக்கு இரண்டு இரண்டாகக் குறைகிறது. முதலாவது, டைமருக்குள் இருக்கும் ஃபங்ஷன் தான் பிறந்தபோது பார்த்த பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருப்பதால் வருவது. ரியாக்ட் குழுவில் இருந்த டேன் அப்ரமோவ் 2019-ல் இதைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார், படித்தே ஆக வேண்டியது. இரண்டாவது, யூஸ்எஃபெக்ட்டின் முடிவில் கிளியர்இன்டர்வல் போடாததால் வருவது. ரியாக்ட் 18-ன் ஸ்ட்ரிக்ட் மோட், கோட் எழுதும் கட்டத்தில் எஃபெக்ட்டை வேண்டுமென்றே இரண்டு முறை ஓட்டுவது இந்த மறதியைக் காட்டிக்கொடுக்கத்தான். அதை அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பழைய டைமரை நிறுத்தாமல் விட்டால் பயனர் பக்கத்துக்குள் போய்ப் போய் வரும்போதெல்லாம் ஒரு டைமர் கூடிக்கொண்டே போகும்.

அசைவுப் படங்களுக்கு டைமரே வேண்டாம், ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் இருக்கிறது. அது திரை வரையப்படும் தாளத்தோடு சேர்ந்து ஓடும். இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நீண்ட இடைவெளிகள் பற்றிக் கொஞ்சம். இந்த இடைவெளி எண் 32 பிட்டில் வைக்கப்படுகிறது. அதிகபட்சம் 2147483647 மில்லிசெகண்ட், அதாவது 24 நாள் 20 மணி 31 நிமிடம். 'மாதம் ஒரு முறை நினைவூட்டு மின்னஞ்சல்' என்று 30 நாளை மில்லிசெகண்டாக்கிக் கொடுத்தால் 2592000000 வரும். எல்லை தாண்டிவிட்டது. தாண்டினால் காத்திருக்காது, உடனே ஓடும். நோட்.ஜேஎஸ் ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு இடைவெளியை 1 மில்லிசெகண்ட் என்று எடுத்துக்கொள்ளும். மாதம் ஒரு மின்னஞ்சல் போக வேண்டிய இடத்தில் மின்னஞ்சல் வெள்ளமே ஓடும்.

இந்த 32 பிட் எண் வேறு இடங்களிலும் வேலை காட்டியிருக்கிறது. விண்டோஸ் 95, 98 கணினிகள் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துபோகும் கோளாறு இருந்தது. மில்லிசெகண்டை, மைனஸ் குறிக்கு ஒரு பிட்டை ஒதுக்காமல், முழு 32 பிட்டில் எண்ணியதன் விளைவு அது. 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. 248 நாள் மின்சாரம் நிறுத்தாமல் இருந்தால், ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் இருக்கும் எண்ணி நிரம்பி வழிந்து மின்சாரம் போய்விடலாம் என்பதால், அதற்குள் அணைத்துப் போட வேண்டும் என்றது. 248 நாளை செகண்டில் நூறில் ஒரு பங்காக எண்ணிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே 2147483647-க்கு அருகில் வந்து நிற்கும். முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதனால் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் ஆகும் வேலைகளை ஸ்கிரிப்டுக்குள் டைமர் போட்டுக் காத்திருக்க வைக்காதீர்கள். சர்வர் ஒரு முறை ரீஸ்டார்ட் ஆனால் எல்லாம் போச்சு. யூனிக்ஸ் உலகத்தில் 1970-களிலிருந்தே இருக்கும் கிரான் அதற்குத்தான் இருக்கிறது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்களை நிரப்பினால் போதும். அங்கேயும் முந்தைய ஓட்டம் முடியாவிட்டாலும் அடுத்தது கிளம்பிவிடும் என்பதால் எஃப்லாக் மாதிரி ஒரு பூட்டு வேண்டும். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் ஓடும் என்பதையும் மறக்காதீர்கள். இங்கே காலை 6 மணிக்கு நடக்க வேண்டிய வேலையை அங்கே 0 மணி 30 நிமிடம் என்று எழுத வேண்டும். 6 என்றே எழுதினால் தினசரிக் கேள்வித்தாள் பிள்ளைகளுக்கு 11:30-க்குத்தான் போய்ச் சேரும்.

கவுன்ட்டவுன் எழுதி முடித்ததும் கண் முன்னால் வைத்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள், அப்படிப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். ஓடவிட்டு, வேறு டேபுக்குப் போய், அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். லேப்டாப்பை மூடிவைத்துத் திறந்து பாருங்கள். கைபேசியில் திரையை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். கடைசியாக, கணினியின் நேரத்தைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளிவிட்டு விடைத்தாளைத் தாமதமாக அனுப்புங்கள். சர்வர் அதை ஏற்றுக்கொண்டால் வேலை இன்னும் பாக்கி.